முதலில் விழக் கற்றுக் கொடுங்கள்!

"அம்மாயி, இங்க பாரு!"

இந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு ஒரு தரம் புரண்டு அடங்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தால், என் பேத்தி யாழினி களத்தின் நடுவில் தலைகீழாக நின்று கொண்டிருப்பாள். வயது ஒன்பதுதான்!

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். வீட்டு வாசலிலேயே காபி உலர்த்துகிற சிமென்ட் களம். மார்கழி, தை மாதங்களில் அங்கே காபிப் பழம் சிவப்பாகப் பரந்து கிடக்கும். மற்ற நாட்களில் களம் யாழினியின் ராஜ்யம். மகளும் மருமகனும் சேலத்தில் வேலை பார்ப்பதால் குழந்தை எங்களிடம் இருந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது அவள் அம்மாவின் செல்போனில் சிமோன் பைல்ஸ் என்ற அமெரிக்கப் பெண் தாவுவதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்! நடப்பதில்லை, எங்கே போவதானாலும் குட்டிக்கரணம்தான்.

போன வருஷம் ஐப்பசியில், நான் பயந்தது நடந்தது. களத்தை ஒட்டிய கல் கட்டின் மேல் ஏறி, அங்கிருந்து கரணம் போட்டுக் குதித்தாள். கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. "வைத்தியர்கிட்ட எண்ணெய்க் கட்டுப் போட்டா சரியாப் போயிடும்" என்றார்கள் பக்கத்தில். நான் கேட்கவில்லை. சேலத்துக்குத் தூக்கிக் கொண்டு ஓடி, எக்ஸ்ரே எடுத்து, மாவுக் கட்டுப் போட்டுக் கொண்டு வந்தோம்.

"இனிமே குட்டிக்கரணம் போட்டியானா காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுடுவேன்!" என்று கத்தினேன். கை ஒடிந்த குழந்தையிடம் காலை ஒடிப்பேன் என்கிறேன், பாருங்கள்!

என் மகள் என்னையே பார்த்துக் கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஏம்மா, உன்னை உங்கம்மா தடுத்ததை ஆயிரம் தரம் சொல்லிப் புலம்பியிருக்கியே. இப்ப நீ என்ன பண்றே?"

எனக்குச் சுருக்கென்றது.

மாண்ட்ரியலில் ஒரு பள்ளிச் சிறுமி

1976-ல் எனக்கு வயது பன்னிரண்டு. அந்த வருஷம் கனடாவில் மாண்ட்ரியல் ஒலிம்பிக். ருமேனியா நாட்டுச் சிறுமி நாடியா கொமனேசியின் படம் பேப்பரில் வந்தது. அவளுக்கு வயது பதினாலு. ஏற்றத் தாழ்வான இரண்டு கம்பிகளில் அவள் பறந்து பறந்து பிடித்ததைப் பார்த்து, நடுவர்கள் பத்துக்குப் பத்து போட்டார்கள். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் அதுவரை யாருக்கும் கிடைக்காத மதிப்பெண்! 10.00 என்று காட்ட அறிவிப்புப் பலகைக்கே வசதி இல்லை, 1.00 என்று காட்டியது. அந்தப் போட்டிகளில் மொத்தம் ஏழு தடவை பத்து வாங்கி, மூன்று தங்கம் உட்பட ஐந்து பதக்கங்களுடன் ஊர் திரும்பினாள் அந்தச் சிறுமி.

அந்தப் படத்தை வெட்டிக் கணக்கு நோட்டில் வைத்துக் கொண்டேன். காபிக் களத்தில் நானும் பக்கவாட்டில் சக்கரம் சுழல்வது போலச் சுழன்று பழகினேன். டிரில் டீச்சர் விளையாட்டு விழாவுக்கு என் பெயரைக் கூட எழுதிக் கொண்டார்கள். அடுத்த வருஷம் நான் பெரியவளானேன். அத்தோடு சரி.

"பொம்பளைப் புள்ளைக்கு என்ன கழைக்கூத்தாடி வேலை? கர்ப்பப்பை எறங்கிப் போச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் அம்மா. அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து நானும் அதே வார்த்தையைச் சொல்லலாமா?

டாக்டர் சொன்ன இரண்டு விஷயம்

மாவுக் கட்டைப் பிரிக்கிற அன்று டாக்டரிடம், "இனிமே குதிக்கவே கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். "பாட்டியம்மா, குழந்தை குதிச்சதால கை ஒடியலை. விழத் தெரியாம விழுந்ததால ஒடிஞ்சுது. கையை விறைப்பா நீட்டி ஊன்றினா உடம்பு கனம் முழுக்க மணிக்கட்டுல இறங்கும். முறையாக் கத்துக் கொடுக்கிற இடத்துல விட்டா, முதல் பாடமே விழறதுதான்."

நான் விடவில்லை. "அவளுக்குப் பாதம் வேற தட்டை டாக்டர்" என்றேன்.

கோகுலாஷ்டமிக்குக் கை முஷ்டியை மாவில் தோய்த்துக் கண்ணன் பாதம் போடுவோமே, அதில் நடுவில் அழகாக ஒரு வளைவு விழும். யாழினி ஈரக் காலோடு களத்தில் நடந்தால் அந்த வளைவே விழாது. பாதம் முழுக்கப் பதியும். "தட்டைக் கால், ராசியில்லை" என்று சொந்தத்தில் சொன்னவர்களும் உண்டு.

டாக்டர் குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றாள். "இதோ பாருங்க, உள்பக்கம் வளைவு வருதா? வளைஞ்சு கொடுக்கிற தட்டைப் பாதம். சின்னக் குழந்தைங்களுக்கு ரொம்ப சகஜம். வலி இல்லைன்னா பயப்பட ஒண்ணுமில்லை. தீபா கர்மாகர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? அவங்களுக்கும் இதே பாதம்தான். ஒலிம்பிக்ல நாலாவது வந்தாங்க!"

அன்று இரவே மகளிடம், "அந்த தீபாங்கிற பொண்ணைப் பத்தித் தேடிக் கொடு" என்றேன். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று, அந்த மாதம் முழுக்க நான் படித்தது இந்தப் பெண்களின் கதைகளைத்தான். சகோதரிகளே, அதில் சிலவற்றை உங்களிடமும் சொல்ல வேண்டும்.

தட்டைப் பாதத்து தீபா

திரிபுரா மாநிலம் அகர்தலாவில் 1993-ல் பிறந்தவர் தீபா. அப்பா எடை தூக்கும் பயிற்சியாளர். ஆறு வயதில் மகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்துவிட்டார். தட்டைப் பாதம் இந்த விளையாட்டுக்கு ஒரு பெரிய குறைதான். ஓடி வந்து எம்பவும், இறங்கி நிற்கவும் பாதத்தின் வளைவுதான் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அந்த ஸ்பிரிங்கைப் பயிற்சியாலேயே கொண்டு வந்தார்கள். சோமா நந்தி, பிஸ்வேஸ்வர் நந்தி என்ற தம்பதிதான் அவருடைய குருமார்கள். நல்ல சாதனங்கள் இல்லாத அந்த ஆரம்ப காலத்தில், பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு தாவு மேசை செய்து பழகினார்களாம்!

2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். காமன்வெல்த் ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். 2016-ல் ரியோ ஒலிம்பிக். 1964-க்குப் பிறகு 52 வருஷம் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியர் ஒருவர்கூட ஒலிம்பிக் போகவில்லை. பெண்களிலோ போனதே கிடையாது. தீபாதான் முதல்.

அங்கே அவர் எடுத்துக் கொண்ட தாவலுக்கு 'புரொதுனோவா' என்று பெயர். ரஷ்யப் பெண் யெலேனா புரொதுனோவா செய்து காட்டியது. வேகமாக ஓடி வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, காற்றிலேயே முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு, நின்ற வாக்கில் இறங்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் கழுத்துக்கு ஆபத்து. 'மரணத் தாவல்' என்றே அதைச் சொல்கிறார்கள். உலகத்தில் இதைப் போட்டியில் செய்து நின்ற பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீபா உட்கார்ந்துவிடுவது போலத் தாழ்ந்து இறங்கி, எழுந்து நின்றார். மதிப்பெண் 15.066. மூன்றாவதாக வந்த சுவிட்சர்லாந்துப் பெண் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. நூறில் பதினைந்து பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் நழுவிப் போயிற்று!

அதற்கப்புறம் நடந்ததுதான் என் மனசைத் தொட்டது. 2017-ல் முழங்கால் தசைநார் கிழிந்து ஆபரேஷன். 2018-ல் துருக்கியின் மெர்சின் நகரில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் தங்கம். பிறகு, 2021-ல் எடுத்த பரிசோதனையில் தடை செய்யப்பட்ட பொருள் ஒன்று உடம்பில் இருந்ததாகத் தெரிந்து 21 மாதத் தடை. தெரியாமல் உள்ளே போய்விட்டது என்றார் அவர். இத்தனைக்கும் பிறகு 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் தங்கம் வாங்கினார். ஆசியத் தங்கம் வாங்கிய முதல் இந்திய ஜிம்னாஸ்ட் அவர்தான். அதே வருஷம் அக்டோபரில், முப்பத்தொன்றாவது வயதில் ஓய்வு பெற்றார்.

அவர் போட்ட பாதையில் மற்றவர்களும் வந்தார்கள். ஹைதராபாத்தின் அருணா ரெட்டி 2018-ல் மெல்போர்ன் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். மேற்கு வங்கத்தில் பஸ் டிரைவர் மகளாகப் பிறந்த பிரணதி நாயக் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் போனார். நம் பக்கத்து இலங்கையிலிருந்தும் மில்கா கெஹானி அதே டோக்கியோவுக்குப் போய், அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்ட் ஆனார்.

தாயானாலும் தாவலாம்!

"கர்ப்பப்பை எறங்கிடும்" என்ற அம்மாவின் பேச்சு என் காதில் ஒலித்துக் கொண்டேதான் இருந்தது. அதற்கும் பதில் கிடைத்தது.

சோவியத் நாட்டின் லரிசா லத்தினினா 1956, 1960, 1964 என்று மூன்று ஒலிம்பிக்கில் 18 பதக்கங்கள் வாங்கியவர். அதில் ஒன்பது தங்கம். 2012 வரைக்கும் ஆண், பெண் யாராலும் அந்தக் கணக்கைத் தாண்ட முடியவில்லை. 1958-ல் உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்து தங்கம் வாங்கியபோது அவர் நாலு மாதக் கர்ப்பிணி! (நீங்கள் யாரும் இதைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். பெண் உடம்பு நாம் நினைப்பது போல் கண்ணாடிப் பாத்திரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி, யூதர் என்பதற்காக இரண்டாவது உலக யுத்தத்தில் ஒளிந்து வாழ்ந்து உயிர் பிழைத்தவர். 1956-ல், 35-ஆவது வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். துள்ளிக் குதித்தால் ஆயுசு குறையும் என்பார்களே, இந்த அம்மாள் 103 வயது வரை இருந்து 2025 ஜனவரியில்தான் காலமானார்!

ஒக்சானா சூசோவிதினா கதையைப் படித்தபோது என் கண்ணாடி நனைந்துவிட்டது. உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்தவர். 1992-ல் பதினேழு வயதில் ஒலிம்பிக் குழுத் தங்கம். 1999-ல் மகன் அலிஷெர் பிறந்தான். மூன்று வயதில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஊரில் வைத்தியம் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் குழந்தையோடு போனார். போட்டிகளில் கிடைத்த பரிசுப் பணத்தைச் சிகிச்சைக்குக் கட்டினார். ஒவ்வொரு தாவலும் அவருக்கு ஒரு மருந்துச் சீட்டு! மகன் பிழைத்துக் கொண்டான். 2008-ல் பீஜிங்கில் ஜெர்மனிக்காக வெள்ளி வாங்கினார் அந்தத் தாய், வயது 33. ரியோவில் தீபா நாலாவதாக வந்த அதே இறுதிப் போட்டியில், 41 வயதில் இவரும் அதே மரணத் தாவலைத் தாவினார். 2021-ல் டோக்கியோ அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்.

பாட்டி வீட்டில் வளர்ந்த பெண்

யாழினியின் கதாநாயகி சிமோன் பைல்ஸ் யார் தெரியுமா? பெற்றவளால் வளர்க்க முடியாமல் போய், தாத்தாவும் அவர் மனைவி நெல்லியும் சட்டப்படி தத்தெடுத்து வளர்த்த பெண். பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை! இதைச் சொன்னதும் யாழினி என் கழுத்தைக் கட்டிக் கொண்டு, "அப்ப நானும் அவங்க மாதிரிதான் அம்மாயி" என்றாள்.

உயரம் நாலடி எட்டங்குலம். ஒலிம்பிக்கில் பதினொன்று, உலக சாம்பியன்ஷிப்பில் முப்பது பதக்கங்கள். ஆனாலும் நான் அவரைப் பெரிதாக நினைப்பது, அவர் தாவாத ஒரு நாளுக்காக. 2021 டோக்கியோ. உலகமே பார்க்கிறது. ஒரு தாவலுக்குப் பிறகு, "என்னால் முடியவில்லை" என்று விலகிக் கொண்டார். காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது, தரை எங்கே இருக்கிறது என்கிற உணர்வு திடீரென்று தப்பிப் போகுமாம். அந்த நிலையில் தாவினால் கழுத்து முறியலாம். என்னென்னவோ ஏசினார்கள். அவர் அசையவில்லை. சில நாள் கழித்து வந்து சமநிலைக் கட்டையில் வெண்கலம் வாங்கினார். மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி!

அப்படி "முடியாது" என்று சொல்ல விடப்படாத ஒரு பெண்ணும் இருந்தாள். யெலேனா முகினா. 1978-ல் உலக சாம்பியன். 1979-ல் கால் முறிந்தது. அது சரியாகக் கூடுவதற்கு முன்பே, மாஸ்கோ ஒலிம்பிக்குக்காக மறுபடியும் பயிற்சி. ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, 1980 ஜூலையில், ஆபத்தான ஒரு கரணத்தில் தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. இருபது வயதில் கை கால் விளங்காமல் படுத்தவள், 2006-ல் இறந்து போனாள். அந்தக் கரணம் பின்னாளில் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு வைத்தியம் பார்த்த லாரி நாசர் என்ற டாக்டர், வைத்தியம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பெண்களிடம் தகாத முறையில் நடந்து கொண்டதற்காக 2018-ல் ஆயுசுக்கும் சிறைக்குப் போனான். பைல்ஸும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர். சிறுமிகள் முன்பே சொன்னபோது பெரியவர்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குச் சின்ன வயதில் பார்த்த காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. என் வயசுப் பெண் ஒருத்தி மூங்கிலைக் குறுக்கே பிடித்துக் கொண்டு கயிற்றில் நடந்தாள். கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. நான் கீழே நின்ற அவள் அம்மாவைப் பார்த்தேன். கை மேளம் அடித்துக் கொண்டே இருந்தது. கண் மட்டும் மகளின் பாதத்தை விட்டு நகரவில்லை. மகள் ஓர் அடி எடுத்து வைத்தால் தாயும் கீழே ஓர் அடி நகர்ந்தாள்.

மேலே ஏறுகிற பெண் பிழைப்பதும் விழுவதும் அவள் தைரியத்தில் மட்டும் இல்லை. கீழே எந்தக் கண் நிற்கிறது என்பதில் இருக்கிறது. என் அம்மா என்னை ஏறவே விடவில்லை. முகினாவுக்குக் கீழே நின்றவர்களின் கண் பதக்கத்தில் இருந்தது, பெண்ணின் காலில் இல்லை. இரண்டுமே தப்புத்தான்.

மூன்று வாரம் விழுந்தாள்

சேலத்தில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்த்தோம். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக வேண்டும். பாதி வழியில் யாழினிக்குக் குமட்டும். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முகரச் சொல்வேன்.

முதல் நாள் அங்கிருந்த சமநிலைக் கட்டையைப் பார்த்து மலைத்துப் போனேன். நீளம் ஐந்து மீட்டர். அகலம் பத்தே சென்டிமீட்டர். நம் வீடு கட்டுகிற செங்கல் அகலம்கூட இல்லை. உயரம் 125 சென்டிமீட்டர். சமையல் மேடையைப் போல ஒன்றரை மடங்கு. இதன் மேல்தான் அந்தப் பெண்கள் குட்டிக்கரணம் போடுகிறார்கள்!

ஆனால் யாழினியை அதன் பக்கத்திலேயே விடவில்லை. மூன்று வாரம் விழுவது மட்டுமே பாடம். "தாடையை நெஞ்சோட ஒட்டு! முதுகை உருட்டு! கையைப் பின்னால ஊன்றாதே, மார்புல கட்டிக்கோ!" என்று அந்தப் பயிற்சியாளர்ப் பெண் சொல்லச் சொல்ல, குழந்தைகள் பின்பக்கமாக மெத்தையில் சாய்ந்து உருண்டு எழுந்தார்கள். குதித்தால் முழங்காலை மடித்து, ஓசைப்படாமல் இறங்க வேண்டும். "பூனை மாதிரி இறங்கணும். சத்தம் கேட்டா தப்பு" என்றார்.

வீட்டில் பழகட்டுமே என்று நான் இலவம்பஞ்சு மெத்தையைக் களத்தில் போட்டேன். அதைக் கேட்டதும் அவர் பதறிப் போனார். "வேண்டாம்மா! மெத்தையில கால் புதைஞ்சு கணுக்கால் மடங்கிடும். சிமென்ட் தரையும் ஆகாது. வீட்டில வளையறது, நுனிக்கால்ல நிக்கிறது மட்டும் போதும்." அன்றோடு களத்தில் கரணம் நின்றது. ஆச்சரியம் என்னவென்றால், என் மிரட்டலுக்கு அடங்காத பெண் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு அடங்கினாள்!

தாய்மார்களே, கவனியுங்கள்

உங்கள் பெண்ணும் குதிக்கிறவளாக இருந்தால், நான் பட்டுத் தெரிந்து கொண்டவை இவை:

1. சேர்க்கும் முன் இடத்தைப் போய்ப் பாருங்கள். கனமான மெத்தைகள் இருக்கின்றனவா, முதலில் விழக் கற்றுக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். வந்த வாரமே பல்டி அடிக்கக் கற்றுத் தருகிறேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

2. பெற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். மூடிய கதவுக்குள் தனியாகப் பயிற்சியோ வைத்தியமோ வேண்டாம். எந்தத் தொடுதல் பிடிக்கவில்லை என்றாலும் உங்களிடம் சொல்லும் தைரியத்தைக் குழந்தைக்குக் கொடுங்கள். சொன்னால் நம்புங்கள்.

3. "வலிக்குது", "பயமாயிருக்கு" என்றால் அன்றைக்கு ஓய்வு. அடி ஆறாமல் திரும்ப அனுப்பாதீர்கள்.

4. உடம்பு மெலிவாக இருக்க வேண்டும் என்று பட்டினி போடாதீர்கள். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. களி, கூழ், அடை எதுவானாலும் சரி. அதோடு பால், முட்டை, பயறு, கீரை கொடுங்கள். வளர்கிற எலும்புக்கு வேண்டும்.

5. பெரியவளான பெண் விளையாடலாம். மாதவிலக்கு நாளில்கூட, அவளுக்கு முடிந்தால் தடையில்லை. ஆனால் கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

6. போட்டிக்குப் போகிற பெண்ணுக்கு டாக்டரைக் கேட்காமல் சத்து மாத்திரையோ மூலிகை மருந்தோ கொடுக்க வேண்டாம். தீபாவுக்கு நேர்ந்ததை நினைத்துக் கொள்ளுங்கள்.

7. தட்டைப் பாதமா? கால் விரலால் கோலிக்குண்டு பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். நுனிக்காலில் இருபது எண்ணும் வரை நிற்கச் சொல்லுங்கள். பாதத்தின் தசைகளுக்கு நல்லது. வலி இருந்தாலோ, நுனிக்காலில் நின்றும் வளைவு வராவிட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

8. அவசரம் வேண்டாம். நாடியா பதினாலு வயதில் தங்கம் வாங்கிய காலம் போய்விட்டது. பெரியவர்கள் போட்டிக்குப் பதினாறு வயது ஆக வேண்டும் என்று 1997-லேயே விதி வந்துவிட்டது.

சகோதரிகளே, யாழினி பதக்கம் வாங்குவாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வகுப்பில் அவளைவிட நன்றாகச் செய்கிற குழந்தைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். கோலிக்குண்டு பொறுக்குவதில் மட்டும் அவளை யாரும் ஜெயிக்க முடியாது!

போன மழைக்கு எங்கள் வீட்டுக் கல் படியெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மேல் படியில் கால் வழுக்கினாள். திண்ணையிலிருந்து பார்த்துக் கொண்டிருந்த நான் எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாடை நெஞ்சோடு ஒட்டியது. உடம்பு பந்தாகச் சுருண்டது. இரண்டு படி உருண்டு கீழே மண்ணில் உட்கார்ந்தாள். பாவாடை முழுக்கச் சேறு. முழங்கையில் லேசாகத் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான்.

அழுவாள் என்று பார்த்தேன். எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, நடுவருக்கு வணக்கம் வைக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு கூப்பிட்டாள்:

"அம்மாயி, இங்க பாரு!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு" என்றேன்.